பட்டில் படாத கறை

ஜெயவேல் தன் தம்பி மனைவி பரிமளாவைக் கொண்டையைப் பிடித்து இழுத்துவந்து, ஆரணி துப்பறிவாளர் மைக்கேல்ராஜின் அலுவலகத்துக்குள் தள்ளினான். அவள் உதடு கிழிந்து ரத்தம் ஒழுகியது. பின்னாலேயே அவன் மனைவி சுகன்யா வந்தாள். உதவியாளர் ஹெப்சிபாவுக்கு அவனை அங்கேயே நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருந்தது.

“என் பொண்டாட்டிக்குத் தைராய்டுல கேன்சருங்க. கதிரியக்க அயோடின் குடுக்கணும். ஆனா ஒடம்புல ஏற்கெனவே அயோடின் ரொம்பிக் கெடக்குது, மருந்து ஏறாதுன்னு ரெண்டு வாட்டி திருப்பி அனுப்பிட்டாங்க. இவதான் சமைக்கிறா. வேணும்னே அயோடின் உப்பைக் கலந்துகினு இருக்கா! நிரூபிச்சுக் குடுங்க, கொன்னு போட்டுடறேன்.”

“இன்னொரு வாட்டி தள்ளிப்போனா பரவிடுமாம்,” என்றாள் சுகன்யா. நாற்காலியில் உட்கார்ந்தும் அவள் முதுகைச் சாய்க்கவில்லை.

மைக்கேல்ராஜ் வீட்டுக்கே போனார். சமையலறையில் அயோடின் சேராத கல்லுப்பு மட்டும்தான். அயோடின் உள்ள பால், முட்டை, மீன் எதுவும் இல்லை. தறியில் சுகன்யா பாதி நெய்திருந்த வெண்பட்டுப் புடவையில் ஒரு பொட்டுக் கறை கிடையாது. சுகன்யா தறிமேல் குனிந்தபோது ரவிக்கைக்குள் ஏதோ சரசரத்தது.

“சாப்பாட்டுல ஒண்ணும் இல்லையே சார்?” என்றாள் ஹெப்சிபா.

“வாய் வழியாத்தான் போகணுமா என்ன? சுகன்யா முதுகைப் பாரும்மா.”

உள்ளறையில் ஹெப்சிபா, சுகன்யாவின் முதுகில் ரவிக்கைக்குள் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பிரித்தாள். தோள் முதல் இடுப்பு வரை தோல் உரிந்த காயங்கள். மேலே பழுப்பு நிறப் புண் மருந்து அப்பியிருந்தது.

மைக்கேல்ராஜ் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தார்.

“இந்தப் பழுப்பு மருந்துல இருக்கறதே அயோடின்தான். பட்டுல கறை பட்டா புடவையே வீண். அதனால மருந்தைக் கனமா அப்பி, மேல பிளாஸ்டிக் சுத்திகினு நெய்திருக்காங்க. அது காயாம புண் வழியா தினமும் ரத்தத்துல ஏறிடுச்சு. கேன்சர் செல்லு அதையே குடிச்சு ரொம்பிட்டா, ஆஸ்பத்திரி மருந்துக்கு எடம் ஏது? காயத்தைப் பத்தி அங்க ஏம்மா சொல்லல?”

“காயம் இருக்கான்னு கேட்டாங்க. இவரு பக்கத்துலயே நின்னுகினு இருந்தாரு,” என்றாள் சுகன்யா.

“பரிமளா ஒரு தப்பும் பண்ணல. காயத்தைக் குடுத்தது நீதான் ஜெயவேல். உன் வீங்கின கைமுட்டியே சொல்லுது,” என்றார் மைக்கேல்ராஜ்.

ஜெயவேல் தறிக்கட்டையைப் பிடுங்கி மனைவியின் தலைக்கு ஓங்கினான். மைக்கேல்ராஜ் அவன் கையை முறுக்கினார். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அலறிக்கொண்டு விழுந்தவனைப் பார்த்து ஹெப்சிபாவுக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. போலீசுக்குப் போன் போட்டாள்.

“இனிமே எனக்கு வைத்தியம் பலிக்குமாங்க?” என்று கேட்டாள் சுகன்யா.

“டாக்டரைக் கேட்டுட்டேன். இந்த மருந்தை விட்டா சில வாரத்துல அயோடின் எறங்கிடும், அப்புறம் குடுக்கலாம்னாரு. ஆனா புதுசா காயம் ஆகக் கூடாது.”

சுகன்யா தரையில் கிடந்த கணவனைத் தாண்டிப்போய்ப் பரிமளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆகாதுங்க,” என்றாள்.