ஓனர் இடத்தில் ஒரு நம்பர்

அந்த ஃபோல்டரை யார் யார் திறக்கலாம் என்கிற பட்டியலில் இரண்டு பேர்தான் இருந்திருக்க வேண்டும். கலைமதி, ஜெயக்குமார். மூன்றாவதாக ஒரு நம்பர் இருந்தது. எஸ் என்று ஆரம்பித்து, நடுநடுவே கோடு போட்டுக்கொண்டு, பெட்டியின் ஓரத்தையும் தாண்டிப் போகிற அளவுக்கு நீளமான நம்பர். அதற்கு முன்னால் "அக்கவுன்ட் அன்னோன்" என்று போட்டிருந்தது, அதாவது யார் கணக்கு என்று தெரியாது.

பகல் இரண்டு மணி. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டின சந்தில் மூன்றாவது மாடி வீடு. பங்குனி வெயிலில் மொட்டைமாடித் தளம் காய்ந்து அந்தச் சூடு அப்படியே கீழே இறங்க, ஃபேன் அதே காற்றைத் திருப்பித் திருப்பி அடிக்க, ஜன்னல் வழியாக ஆற்று மணலின் வாசனையும் எதிர்வீட்டு மிக்ஸியின் அலறலும் சேர்ந்து வந்துகொண்டிருந்தன. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போவதாக முடிவு. புரோக்கருக்காகக் காலையில் அறைக்கு ஒன்றாக ஐந்து போட்டோ எடுத்து, இந்தப் பழைய கம்ப்யூட்டரில் "வீடு" என்று ஒரு ஃபோல்டரில் போட்டிருந்தாள் கலைமதி. அதைக் கணவன் ஜெயக்குமாரின் லேப்டாப்பிலும் திறக்கிற மாதிரி ஷேர் பண்ண வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பித் தொலைத்தால் ஒரு நிமிஷ வேலை. படம் மங்கிவிடுமாம், ஐயாவுக்குக் கவலை.

ஒர்க்‌ஷாப்பில் இருந்தவனுக்கு போன் போட்டாள்.

"என்னங்க, மூணாவதா ஒரு நம்பர் இருக்கு. யாரு இது?"

"செகண்ட் ஹேண்ட்ல வாங்குனதுதானே? முன்னாடி வச்சிருந்தவங்களா இருக்கும். பேரை அழிச்சாலும் நம்பர் நிக்கும். ரிமூவ் குடு."

"குடுத்துப் பாத்துட்டேன். போகமாட்டேங்குது. ஓனர்ங்கிற இடத்துலயும் அதுதான் இருக்கு."

"அப்ப அதை விடு. ஓனர் இடத்துல உன் பேரைப் போட்டு, உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் சேத்துன்னு ஒரு டிக் இருக்கும் பாரு, அதைப் போட்டு ஓகே குடு. சூப்பர்வைசர் வர்றாரு, வச்சிடறேன்."

டிக் போட்டாள். இங்கிலீஷில் நாலு வரி எச்சரிக்கை ஒன்று எழும்பியது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? ஓகே கொடுத்தாள்.

பச்சைப் பட்டை ஓட ஆரம்பித்தது. ஐந்து போட்டோவுக்கு ஐந்து நொடி போதாதா? ஓடிக்கொண்டே இருந்தது. பட்டைக்குக் கீழே ஒவ்வொரு பெயராக வந்து மறைந்தது. ஹால். சமையலறை. அப்புறம் அவள் வைக்காத பெயர்கள். டம்ளர். குழாய். சுவிட்ச். தாழ்ப்பாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். கடைசியாக வந்து நின்றது, கலைமதி.

பெட்டி மூடியது. பட்டியலில் நம்பருக்கு நேரே எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. அவள் பெயருக்கு நேரே ஒன்றே ஒன்று: ரீட். அதாவது பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது.

"நல்லா இருக்கு போ! என் வீட்டு போட்டோவுக்கு எவனோ ஓனராம்" என்று முணுமுணுத்தபடி தண்ணீர் குடிக்கப் போனாள்.

சமையல் மேடையில் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்தாள். வரவில்லை. ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று திருகிப் பார்த்தாள். இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி இழுத்தாள். டம்ளர் இருந்த இடத்திலேயே இருந்தது. குழாயைத் திருகினாள், திரும்பவில்லை. சுவிட்சை அழுத்தினாள், விரல்தான் வலித்தது. ஜன்னலில் தொங்கிய லேசான பருத்தித் திரை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். அவள் கையையும் இழுத்துக்கொண்டு அது பாட்டுக்கு ஆடியது.



வாசலுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் அசையவில்லை. தோளால் கதவை மோதினாள், சத்தமே வரவில்லை. "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தினாள். வாய் திறந்தது, தொண்டை நரம்பு புடைத்தது, அவள் காதுக்கே ஒன்றும் கேட்கவில்லை. கீழே யாரோ ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கம்ப்யூட்டர். அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். போய் மவுஸைப் பிடித்தாள். மேசையோடு மேசையாக உறைந்திருந்தது.

ஆனால் திரையில் அம்பு நகர்ந்தது.

அவசரமே இல்லாமல் நகர்ந்தது. ஹால் போட்டோவைத் திறந்தது. கொஞ்ச நேரம் வைத்திருந்து மூடியது. சமையலறையைத் திறந்தது. மூடியது. படுக்கையறை. வீடு பார்க்க வந்தவர்கள் ஒவ்வொரு அறையாக எட்டிப்பார்ப்பது மாதிரிதான். பிறகு மகள் மாலினியின் அறையைத் திறந்தது. அதை மூடவில்லை. படத்தைப் பெரிதாக்கியது. கட்டிலைப் பெரிதாக்கியது. தலையணையில் குழந்தையின் தலை பதிந்த குழியைப் பெரிதாக்கி, அங்கேயே நின்றது.

மாலினி நாலாம் வகுப்பு. நாலேகாலுக்கு வேனில் வந்து இறங்குவாள். சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐந்து.

எப்படி? இரண்டு மணிக்குத்தானே உட்கார்ந்தாள்?

அவளுக்கு இப்போது தன்னைப் பற்றின பயம் போய்விட்டது. பிள்ளை இந்த வீட்டுக்குள் வரக் கூடாது. அது ஒன்றுதான். கடவுளே, வேன் பஞ்சராகட்டும். இன்றைக்கு ஒருநாள் அவளை ஸ்கூலிலேயே மறந்துவிட்டு வரட்டும்.

மேசை மேல் போன் அதிர்ந்தது. வேன் டிரைவர் நஸ்ருல்லா. தெருமுனைக்கு வந்ததும் தினமும் ஒரு போன் போடுவார். அவளே இறங்கிப் போய்ப் பிள்ளையைக் கூட்டி வருவாள். கலைமதி திரையை விரலால் தேய்த்தாள். நகத்தால் கீறினாள். போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

சட்டென்று நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள். நொடிகள் ஓடின. ஒன்று. இரண்டு. மூன்று.

ஸ்பீக்கரில் நஸ்ருல்லாவின் குரல் கேட்டது. "சரிங்கக்கா. நீங்க எறங்கி வர வேணாம், பாப்பாவ நானே மேல அனுப்பி விட்டுடறேன்."

கலைமதி கத்தினாள். கத்திக்கொண்டே இருந்தாள். போன் அணைந்தது.

படிக்கட்டில் ஷூ சத்தம். முதல் மாடி. ஏதோ பாட்டை முனகிக்கொண்டே வருகிறாள். இரண்டாவது மாடி. கலைமதி கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து நின்றாள். வராதே கண்ணு. போயிடு. கீழே போயிடுடா.

மூன்றாவது மாடி.

"அம்மா!"

அவள் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு திறந்தது; திறந்த வேகத்தில் அவளைச் சுவரோடு ஒதுக்கியது. மாலினி உள்ளே வந்தாள். அம்மாவின் முகத்தைத் தாண்டி, ஹாலின் நடுவில் ஒன்றுமில்லாத இடத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். புத்தகப் பையைக் கழற்றி நீட்டினாள். பை அவள் கையை விட்டது. கீழே விழவில்லை.

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

கலைமதி பாய்ந்துபோய் மகளைக் கட்டிக்கொண்டாள். அந்தச் சின்ன உடம்பு கல்லாக இருந்தது. அது நடந்தபோது அவள் பிடியைப் பிரித்துக்கொண்டு நடந்தது. மாலினி தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வழக்கம்போலத் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினாள். இரட்டைப் பின்னலில் ஒரு ரிப்பன் மெல்ல அவிழ்ந்தது. அப்புறம் இன்னொன்று. பின்னல் தானாகப் பிரிந்தது, ஒவ்வொரு காலாக, நிதானமாக.

"ஏம்மா, இன்னைக்கு உன் கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்றாள் மாலினி.