மூன்றாம் பக்கத்துக் கொலைகாரன்

“பலூனுக்குள்ள எழுதறியே... அதையெல்லாம் படிச்சும் பாப்பியா?”

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாடிப்படியில் வழிமறித்து அவளிடம் கேட்கப்பட்ட கேள்வி அது.

கேட்டவர், தெருவின் எதிர்ப்பக்கத்தில் காமிக்ஸ் கம்பெனி நடத்துகிறவர்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடிவிட்டாள்.

அவள் அப்படித்தான். காமிக்ஸில் பாத்திரங்கள் பேசும் அத்தனை வசனத்தையும் அழகழகாக எழுதுவாள். தான் பேச வேண்டுமென்றால் மட்டும் தொண்டையில் பூட்டு! விரல் நுனியில் எப்போதும் மை இருப்பதால் அவளுக்கு மைப்பாப்பா என்று பெயர்.

அந்த மைப்பாப்பாவின் முன்னால் இன்று...

மேஜைமேல் ஒரு பிணம் கிடந்தது!

அறுபத்து நான்கு பக்கம். வழவழ அட்டை. முதுகில் இரண்டு குத்து... இரண்டும் ஸ்டேப்ளர் பின்!

‘ஏஜென்ட் ஆறரை’ ஆண்டு மலர். வெளிவந்து பன்னிரண்டே நாள். அதற்குள் பரலோகம்!

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...

போனை எடுத்தது ஆசிரியரின் மனைவி; அலுவலகத்தில் எல்லோருக்கும் ‘அம்மா’. வாசகர் கடிதங்களும், பார்சல் கட்டுவதும், கணவரைக் கட்டி மேய்ப்பதும் அவர் இலாகா.

“ஹலோ... ஆமாங்க, ஆண்டு மலர்தான்... தம்பி, மரியாதையா பேசுங்க... தம்பி... தம்பி!”

ரிசீவரை ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். அப்படியும் அறை முழுவதும் கேட்டது.

“கொலைகாரன் மூணாம் பக்கத்துலயே ஒத்துக்கிட்டான்! மிச்சம் அறுபத்தோரு பக்கத்தை நான் என்ன பண்றது? விசிறிக்கவா?”

டொக்!

“இன்னிக்கு இது பதினேழாவது” என்றார் அம்மா. “விசிறின்னு சொன்னது இவன்தான் முதல்ல. நேத்து வந்ததெல்லாம் சொல்லக் கூசுது.”

நடந்தது இதுதான்.

மூன்றாம் பக்கம். ரயில் நிலையத்தில் பயணிகள் தங்கும் அறை. தொப்பிக்காரன் ஒருவன் ஏஜென்ட் ஆறரையிடம் வந்து, “இந்த நாற்காலி காலியா?” என்று கேட்க வேண்டும்.

அச்சில் அவன் கேட்டது:

‘ஆம்! நானேதான் கொன்றேன்! ஹா... ஹா!’

அதற்கு ஏஜென்ட் ஆறரையின் பதில்:

‘தாராளமாக உட்காருங்கள்!’

அறுபத்தொன்றாம் பக்கம். உச்சக்கட்டம். துப்பாக்கி முனையில் தொப்பிக்காரன் தன் முகமூடியைக் கிழித்து எறிந்துவிட்டு முழங்குகிறான்:

‘இந்த நாற்காலி காலியா?’

‘கயவனே! இதற்கு உனக்குத் தூக்குதான்!’ என்கிறார் ஏஜென்ட்.

இரண்டு வசன பலூன்கள் இடம் மாறிவிட்டன!

வசனத்தைத் தனித்தாளில் எழுதி, பலூன் வடிவத்தில் வெட்டி, படம் வரைந்த அட்டையில் ஒட்டுவது மைப்பாப்பாவின் வேலை. ஆகவே பழியும் மைப்பாப்பாவின் தலையில்.

“எழுதிட்டியா?”

ஆசிரியர் உள்ளறையிலிருந்து வந்தார். முப்பது வருடமாக ‘ஏஜென்ட் ஆறரை’யைக் கட்டிக் காப்பவர். ஆண்டு மலர் அவரே எழுதிய முதல் கதை!

மைப்பாப்பா, எதிரில் இருந்த தாளைப் பார்த்தாள். அடுத்த இதழின் கடைசிப் பக்கம். மன்னிப்புக் கடிதம்.

‘அன்பு வாசகர்களே! எதிர்க் கம்பெனியின் தூண்டுதலால், எங்கள் எழுத்துப் பணியாளர் வேண்டுமென்றே செய்த துரோகம் இது. அவர் நீக்கப்பட்டார்.’

பக்கத்தில் அவளுடைய போட்டோ வைக்க ஒரு கட்டம்!

ஐந்து வருடத்தில் ஒரு இதழிலும் அவள் பெயர் வந்ததில்லை. முதன்முதலாக வரப்போவது இப்படி. இது அச்சாகிவிட்டால் எந்தக் கம்பெனியும் அவள் கையில் பேனா கொடுக்காது.

அதையும் அவளே, தன் அழகான கையெழுத்தில் எழுதித் தர வேண்டும்!

“அஞ்சு மணிக்குப் பிரஸ்ஸுக்குப் போகணும். மணி நாலாச்சு” என்றார் ஆசிரியர்.

“சார்... நான்...”

“என்ன நான் கீன்னுட்டு! எதிர்ல கம்பெனி வச்சிருக்கற என் மச்சான் சொல்லித்தானே மாத்தினே?”

“இல்ல சார்... சரியா...”

“சத்தமா பேசும்மா! எறும்பு பேசற மாதிரி இருக்கு!”

மூலையில் பிரஷ்ஷால் முதுகு சொறிந்துகொண்டிருந்த தாடி ஓவியர் வாயைத் திறந்தார்.

“அந்தப் புள்ள அப்படியெல்லாம் பண்ணாது சார்.”

“ஏன்யா, அட்டையெல்லாம் உன் கைக்கும்தானே வந்தது? பலூன் மாறினது உன் கண்ணுல படலையா?”

“நான் வரையறவன் சார். படிக்கற பழக்கமெல்லாம் கிடையாது.”

அப்போது...

தடதடவென்று மாடிப்படி அதிர்ந்தது!

கதவு படாரென்று திறந்தது!

எதிர்க் கம்பெனிக்காரர்! செருப்பை வாசலில் உதறிவிட்டு, கையில் தன் அடுத்த இதழின் அட்டையோடு உள்ளே பாய்ந்தார். ஆசிரியரின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. பத்து வருடத்துக்கு முன்பு இதே அலுவலகத்தில் கோபித்துக்கொண்டு போய், நேர் எதிரே கடை விரித்தவர்.

“அத்தான்! நான் ஆள் வச்சுக் கெடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்றீங்களாமே!”

“ஆமாடா, சொல்றேன்! கையில என்ன அது?”

தம்பி, அட்டையைப் பின்னால் மறைத்தார். அக்கா லேசில் விடவில்லை. பிடுங்கி உரக்கப் படித்தார்.

“‘கொலைகாரன் கடைசிப் பக்கத்தில் மட்டுமே! உத்தரவாதம்!’ ...ஏண்டா, அடுத்த வீடு பத்தி எரியுதுன்னா குளிர் காய்வியா?”

“அக்கா, அது வியாபாரம். ஆனா நெருப்பு வச்சது நான் இல்ல. உன்மேல சத்தியம்!”

“உன்மேல பண்ணிக்கோ. என்னை விடு.”

“பாத்தியா! சத்தியம் பண்ணக்கூடத் தைரியம் இல்ல!” ஆசிரியர் மேஜையைக் குத்தினார். “ஏம்மா, எழுது! உட்காந்து வேடிக்கை பாக்காதே!”

மைப்பாப்பா பேனாவை மையில் தோய்த்தாள்.

தாளுக்குமேல் கொண்டுபோனாள்.

ஒரு சொட்டு... தாளில் விழுந்தது.

பேனாவைக் கீழே வைத்தாள். எழுந்தாள். ஆசிரியரைப் பார்க்கவில்லை. அம்மாவின் காதருகில் போய் நின்றாள்.

“அம்மா... அந்த அறுபத்தொண்ணாம் பக்கம்... அட்டை... பீரோவுல இருக்கும்ல?”

“இருக்கும். ஏன்?”

“அதுல நான் ஒண்ணு எழுதியிருந்தேன்மா... பென்சில்ல...”

ஆசிரியரின் முகம் ஒரு கணம் மாறியது. ஒரே கணம்தான்!

“பீரோ சாவி காணோம்!” என்றார் சட்டென்று.

“அதனால என்னங்க?” அம்மா இடுப்பிலிருந்து கொத்தை உருவினார். “உங்ககிட்ட இருக்கற எல்லாச் சாவிக்கும் என்கிட்ட இன்னொண்ணு இருக்கே.”

“இருக்கா? எப்போலேர்ந்து?”

“கல்யாணம் ஆன மறுநாள்லேர்ந்து.”

கிர்ர்ரீச்... பீரோ திறந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

காமிக்ஸ் அலுவலகங்களில் குறிப்பெல்லாம் இளநீலப் பென்சிலில்தான் எழுதுவார்கள். பிரஸ்ஸில் அட்டையைப் படம் பிடிக்கும் கேமராவுக்கு இளநீலம் தெரியாது. அதனால் யாரும் அதை அழிப்பதில்லை. கோடு, குறிப்பு, சந்தேகம், சமயத்தில் கெட்ட வார்த்தை... எல்லாம் அட்டையிலேயே கிடக்கும். அச்சில் வராது. வருடக்கணக்கில் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இளநீலம் என்றால் ஒரு நிறமே அல்ல. இல்லாத பொருள்!

அம்மா அறுபத்தொன்றாம் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

ஓரத்தில், குட்டிக் குட்டி எழுத்தில், இளநீலத்தில் ஒரு வரி.

“‘ஐயா, மன்னிக்கவும். தொப்பிக்காரர் நாற்பதாம் பக்கத்திலேயே இறந்துவிட்டாரே?’”

தம்பி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

“யாரு... யாரு செத்தா?” என்றார் தம்பி.

அம்மா அவசர அவசரமாக ஆண்டு மலரைப் புரட்டினார். நாற்பதாம் பக்கம். தொப்பிக்காரன் மலையுச்சியிலிருந்து விழுகிறான். கீழே முதலைகள். தொப்பி மட்டும் மிதக்கிறது!

“அட, ஆமாம்!” தாடி ஓவியர் சொறிவதை நிறுத்தினார். “முதலை ஏழு வரைஞ்சேன். அப்புறம் அறுபத்தொண்ணுல அவனையே திருப்பி வரையச் சொன்னாரு. வரைஞ்சேன்.”

“செத்தவன் எப்படிய்யா வருவான்னு கேக்க மாட்டியா?”

“தொப்பி புதுசா பழசான்னு கேட்டேனே!”

தம்பி மெல்ல மைப்பாப்பாவின் பக்கம் திரும்பினார்.

“அப்போ கொலைகாரனே செத்துட்டான். செத்தவன் வந்து ஒத்துக்கறான். இதைக் கண்டுபிடிச்சது நீ ஒருத்திதான். ஏன் பாப்பா, வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?”

“வெக்கமா இருந்தது... அதான் பென்சில்ல எழுதினேன். மறுநாள் கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அட்டையெல்லாம் பிரஸ்ஸுக்குப் போயிடுச்சு.”

“இருடா” என்றார் அம்மா. குரல் மாறியிருந்தது. “அதுக்குக் கீழே இன்னொரு வரி இருக்கு.”

அதே இளநீலம். ஆனால் பெரிய பெரிய எழுத்து.

‘இந்தப் பலூனை 3-க்கு மாற்றவும். 3-இல் உள்ளது இங்கே.’

பக்கத்தில்... ஒரு சுழி!

பாம்பு படமெடுத்தது போன்ற கையெழுத்துச் சுழி!

எந்தத் திருத்தம் செய்தாலும் பக்கத்தில் சுழி போட வேண்டும். சுழி இல்லாமல் ஒரு புள்ளிகூட நகரக் கூடாது. அந்த அலுவலகத்தின் முதல் சட்டம் அது. சட்டம் போட்டவர் ஆசிரியர். முப்பது வருடமாகத் தவறாமல் கடைப்பிடிப்பவரும் ஆசிரியர்.

அவர் கை தானாகவே போட்டுவிட்டது. குற்றத்தைச் செய்துவிட்டு, பக்கத்திலேயே கையெழுத்தும் போட்ட ஒரே குற்றவாளி!

“அத்தான்...” தம்பியின் மீசை துடித்தது. “நீங்களா!”

ஆசிரியர் நாற்காலியில் சரிந்தார்.

“என்னங்க, வாயைத் திறங்க.”

“...அன்னிக்குச் சாயந்திரம்தான் அவ எழுதினதைப் பாத்தேன்” என்றார் ஆசிரியர். பலூனில் ஊசி குத்தியது போலக் குரல் இறங்கியிருந்தது. “மறுநாள் காலையில அட்டை போயாகணும். இருபது பக்கம் திருப்பி வரைய நேரம் ஏது? முப்பது வருஷமா அடுத்தவன் கதையில ஓட்டை கண்டுபிடிச்சவன் நான். என் முதல் கதையிலயே முதலை வாய் அளவுக்கு ஓட்டை!”

“அதுக்கு?”

“ராத்திரி நானே பலூனைப் பிரிச்சு மாத்தி ஒட்டினேன். மூணாம் பக்கத்துலயே வாசகனுக்குக் கோபம் வந்துட்டா, நாப்பதாம் பக்கம் யாரு போகப் போறா?”

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“யாருமே போகல அத்தான்! நானும் போகல! வரிக்கு வரி பாத்துச் சிரிக்கணும்னுதான் வாங்கினேன். மூணாம் பக்கத்துலயே சிரிச்சு முடிச்சுட்டேன்!”

“பாத்தியா? யோசனை வேலை செஞ்சுது.” ஆசிரியர் முகத்தில் லேசாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

“வேலை செஞ்சுதா?” அம்மா அட்டையை மேஜையில் படீரென்று வைத்தார். “இந்தப் புள்ளையோட சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு, என் தம்பி மேல பழியைப் போட்டுட்டு, வேலை வேற செஞ்சுதா?”

“ஒரு வாரம் திட்டு வாங்குவா... அப்புறம் எல்லாரும் மறந்துடுவாங்கன்னு...”

“துரோகின்னு போட்டோவோட போட்டா எவன் மறப்பான்?”

ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மணி நாலே முக்கால்.

மைப்பாப்பா நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மைத்துளி விழுந்த தாளைக் கசக்கினாள். புதுத்தாள் எடுத்தாள்.

கிறீச்... கிறீச்... பேனா ஓடியது.

எழுதி முடித்து, தாளை ஆசிரியர் முன்னால் வைத்தாள்.

‘அன்பு வாசகர்களே! பலூன்களை மாற்றியவன் நானேதான். என் கதையில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவர் எங்கள் எழுத்துப் பணியாளர் மைப்பாப்பா. நாற்பதாம் பக்கத்தைப் பாருங்கள். — ஆசிரியர்.’

போட்டோவுக்கு இருந்த இடத்தில் பெரிய எழுத்தில் ஒரு வார்த்தை: ‘சுழி?’

“சுழி போடுங்க சார்” என்றாள். “சட்டம்.”

எறும்பு அல்ல. தெருவுக்கே கேட்டது!

“இதைப் போட்டா... அத்தனை பேரும் நாப்பதாம் பக்கத்தைத் தேடிப் படிப்பாங்களேம்மா!”

“அத்தான், இது தங்கம்!” தம்பி துள்ளினார். “மூலையில தூக்கிப் போட்டதையெல்லாம் எடுத்துத் திருப்பிப் படிப்பான். கிடைக்காதவன் கடைகடையா அலைவான். இந்த யோசனை எனக்கு வராம போச்சே! பாப்பா, நீ எதிர்ப்பக்கம் வந்துடு. எழுத இல்ல. கதை பாக்க!”

“ஏய்!” என்றார் அம்மா. “அவ எங்கேயும் வரமாட்டா. நாளையிலேர்ந்து இங்கே வர்ற கதையெல்லாம் முதல்ல அவ மேஜைக்குத்தான் போகும். உங்க கதையும்தாங்க. புரியுதா?”

ஆசிரியர் பெருமூச்சு விட்டார். பழக்க தோஷத்தில் இளநீலப் பென்சிலை எடுத்தார்.

“அத்தான்...” தம்பி அதைப் பிடுங்கினார். தன் கறுப்பு மைப் பேனாவைத் திறந்து நீட்டினார். “இது அச்சுல விழணும்!”

ஆசிரியர் பேனாவை வாங்கினார். மனைவியைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். தாடி ஓவியரைப் பார்த்தார். கடைசியாக மைப்பாப்பாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை.

சுழி விழுந்தது.

எழுந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். வாசலில் கால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டு, மாடிப்படி இறங்கிப் போயே போய்விட்டார்.

எட்டிப் பார்த்த தம்பி அலறினார்.

“ஐயோ அக்கா! அவர் மாட்டிக்கிட்டுப் போனது என் செருப்பு! புதுசு!”

அக்கா அசரவில்லை.

“விடுடா... முதலை வாயில போனவனே இருபது பக்கம் தள்ளித் திரும்பி வந்தான். செருப்பு வராதா?”