நோன்பு மாதத்தில் ஆறு வட்டங்கள்

ஜாவாத் தீவில் நேரம் தவறாதவை இரண்டே: ஒன்று சூரியன், மற்றொன்று வார்சித்தோவின் குடும்பம். இப்படிச் சொன்னவர் வார்சித்தோவேதான். க்ரோயா ரயில் கேட்டைப் பதினொரு வருடமாகத் திறந்து மூடுகிறவர் என்பதால் சூரியனும் மறுக்கவில்லை.

அன்று காலை அவர், ஊரே 'இபு', அதாவது அம்மா, என்று அழைக்கும் மருத்துவச்சி சுதார்மியின் மேசைமேல் மூன்று கருத்தடை மாத்திரை அட்டைகளைப் பரப்பினார். எண்பத்து நான்கு குழிகளும் காலி. ஆனாலும் மனைவி லாஸ்மிக்கு இரண்டரை மாதம். கைக்குழந்தைக்கோ வயது பத்தே மாதம்.

"தெனம் பகல் பன்னெண்டு மணிக்கு ஒண்ணு, தப்பாமன்னு சொல்றா. அப்போ நீங்க குடுத்தது சுண்ணாம்பு. இல்லேன்னா அவ கிணத்துல போட்டிருக்கா. கிணத்துலன்னா அவ அம்மா வீட்டுக்குப் போகட்டும். மூணு மாசம் பொய் சொன்னவளோட எப்படிக் குடும்பம் நடத்துறது?"

சுதார்மி கோபப்படவில்லை. லாஸ்மியை அழைத்து வந்து, அவளோடு வாசல் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"பொம்பளைங்க பெஞ்சுலயா? அதுல ஒரு ஆம்பளையப் பாத்தா எக்ஸ்பிரஸே சிரிச்சுத் தடம் புரளும்."

ஆகவே சுதார்மிதான் வார்சித்தோவின் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. வண்டி ஓட்டியவர் சுதார்மியின் கணவர் கஸ்மின். தபால்காரராக ஓய்வு பெற்றவர். மனைவிக்கு வரும் வழக்குகளை எல்லாம் முதலில் தீர்ப்பவர், தவறாக. வழியிலேயே குற்றவாளி கிணறுதான் என்று முடிவுகட்டி, போனதும் வாளியை இறக்கினார். ஒரு தவளை கிடைத்தது. அது எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

சுதார்மி மாத்திரைப் பெட்டியின் எண்ணைத் தன் நோட்டோடு சரிபார்த்தார். அதே பெட்டியிலிருந்து வாங்கிய மற்ற பதினெட்டுப் பேருக்கும் ஒன்றுமில்லை. பிறகு, அரிசிக்கடைக்காரர் கொடுத்த சுவர்க் காலண்டரின் முன் வெகுநேரம் நின்றார். நோன்பு மாதத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆறு தேதிகளில் வட்டம்.

எல்லோரையும் அடுக்களையில் உட்கார வைத்தார். லாஸ்மி குழந்தைக்குப் பால் கொடுத்தபடி தரையையே பார்த்திருந்தாள்.

"இந்த வட்டம் என்னம்மா?"

பால் கொடுத்த களைப்பில் நோன்பு விட்ட நாட்கள் என்றாள். அடுத்த நோன்பு வருவதற்குள் பிடித்துத் தீர்க்க வேண்டுமாம்.

"அன்னிக்கெல்லாம் மாத்திரை?"

"பன்னெண்டு மணிக்குத்தான், இபு."

"நோன்பு வச்ச நாள்ல?"

லாஸ்மி நிமிர்ந்தாள். "பகல்ல எச்சில் தவிர எதுவும் தொண்டையில எறங்கக் கூடாதே. பள்ளிவாசல்ல முரசு அடிச்சதும் பேரீச்சம்பழத்தோட முழுங்குவேன். ஒரு நாள்கூட விடல."

வார்சித்தோவின் உதடுகள் கணக்குப் போட்டன. "பகல் பன்னெண்டுலேருந்து மறுநாள் சாயங்காலம் ஆறு. முப்பது மணி நேரம்."

"இது பால் குடுக்கறவங்களுக்கான மாத்திரை" என்றார் சுதார்மி. "கருப்பை வாசல்ல இருக்கிற சளியக் கெட்டியாக்கி வழிய அடைக்கும். அந்தக் காவல் ஒரு நாள் நிக்கும், மேல மூணு மணி நேரம் பொறுக்கும். அதையும் தாண்டினா வாசல் எளகிரும். மறுபடி சரியா அடைக்க ரெண்டு நாளாகும். வட்டம் போட்ட நாளுக்கு அடுத்த நாள் நோன்பு வச்சப்பல்லாம் உங்க வீட்டுக் கேட் தொறந்து கெடந்திருக்கு, வார்சித்தோ ஐயா. அவ ஒரு மாத்திரையும் விடல, ஒரு பொய்யும் சொல்லல. நோன்பு வருதே, எப்போ முழுங்குவேன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்னோடது."

கஸ்மின் மனைவியின் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மிளகைவிடச் சிறிய வெள்ளை உருண்டை. முப்பது வருடம் மணி பார்த்துக் கடிதம் கொடுத்தவர் அவர். இவ்வளவு கறாரான ஒன்றை இதுவரை சுமந்ததில்லை. அது தாமதித்த அந்தச் சில மணி நேரத்துக்குள், கண்ணுக்குத் தெரியாத ஒருத்தன் வழி கண்டுபிடித்து வந்துவிட்டான்.

"இதுக்கு மணி தெரியுதே" என்றார் கஸ்மின் மெதுவாக.

வார்சித்தோ எழுந்து போய்க் காலண்டரின் ஆறு வட்டங்களையும் விரலால் தொட்டு எண்ணினார். திரும்பி வந்து, குழந்தையை வாங்கிக்கொண்டார். "நீ சாப்பிடு" என்றார் லாஸ்மியிடம்.

திங்கட்கிழமை சுதார்மியின் வாசல் பெஞ்சில் லாஸ்மியோடு சேர்த்து நான்கு கர்ப்பிணிகள், நடுவில் வார்சித்தோ. மடியில் தாய்-சேய் நலப் புத்தகம், இளஞ்சிவப்பு அட்டை மேலே தெரிய. ஐந்தாவதாக வந்தவள் வழக்கம்போல், எத்தனை மாசம் என்று கேட்டுவிட்டாள்.

"ரெண்டரை" என்றார் அவர், நகர்ந்து இடம் விட்டபடி.