கைக்கெட்டும் கிளை

ரூனாவின் பண்ணைக்கு வரும் விருந்தாளிகள் மூன்று காரியங்களைத் தவறாமல் செய்வார்கள். வாசலில் இருக்கும் கூடையில் கைப்பேசியைப் போடுவார்கள். ஏதாவது ஒரு பெரிய மரத்தைக் கட்டிப்பிடிப்பார்கள். அப்புறம் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய தூளியில் படுத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவார்கள்.

தூங்குவதற்கு எதற்கு இவ்வளவு தூரம் ரயிலேறி வரவேண்டும் என்று பத்து வயது ரூனாவுக்குப் புரிந்ததே இல்லை.

"அவங்க தூங்கல. ஓய்வெடுக்கறாங்க" என்பார் அப்பா தோர்கில்.

"குறட்டை விட்டு ஓய்வெடுக்கறாங்க" என்பாள் ரூனா.

ஆனால் அந்தச் சனிக்கிழமை வந்த குடும்பம் ஓய்வெடுக்க வரவில்லை. நான்கு வயது கொன்ராத், அவன் அம்மா இங்கெர், ஒன்பது வயது அண்ணன் மாக்னுஸ் ஆகிய மூவரும் சூப்பான் மரத்துக்காக வந்திருந்தார்கள்.

டென்மார்க்கில் பல ஊர்களில் அப்படி ஒரு மரம் உண்டு. வாயில் வைத்துச் சப்பும் சூப்பானை விடும் வயது வந்ததும், பிள்ளைகள் அதை ரிப்பனில் கோத்து மரத்தில் கட்டிவிட்டு விடைபெற்றுக்கொள்வார்கள். ரூனாவின் பண்ணையில் அந்த வேலையைச் செய்வது வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கிழட்டு ஓக் மரம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நூற்றுக்கணக்கான சூப்பான்கள் அதில் தொங்கின. காற்றடித்தால் சலசலவென்று சிரிக்கும்.

விழா மத்தியானம் மூன்று மணிக்கு. அதுவரை ரூனாவுக்கு ஆப்பிள் கன்றுகளோடு வேலை இருந்தது. ஒவ்வொரு கன்றையும் பக்கத்தில் நட்ட குச்சியோடு பழைய சைக்கிள் டியூபால் கட்டவேண்டும். கொன்ராத்தும் கூடவே வந்து குந்திக்கொண்டான். பேசவேண்டும் என்றால் சூப்பானை எடுப்பான். பேசி முடித்ததும் புட்டிக்கு மூடி போடுவதுபோல மறுபடியும் வாயில் மாட்டிக்கொள்வான்.

சூப்பானை எடுத்தான். "ஏன் இவ்ளோ தொளதொளன்னு கட்டற?"

"கன்னு காத்துல ஆடணும். ஆடினாத்தான் வேர் நல்லாப் பிடிக்கும். இறுக்கிக் கட்டினோம்னு வை, குச்சியை எடுத்த அன்னிக்கே சாஞ்சுடும்."

"குச்சியை எப்ப எடுப்ப?"

"அது தானா நிக்கறப்ப."

கொன்ராத் மூடியைப் போட்டுக்கொண்டு யோசித்தான். பிறகு மறுபடி எடுத்தான்.

"மரத்துல கட்டினதைத் திரும்ப எடுக்கலாமா?"

கூடாது. அது பண்ணையின் வழக்கம், எல்லாருக்கும் தெரியும். ஏறிப்போனது இறங்காது. ரூனா அடுத்த கன்றுக்கு நகர்ந்தாள். அந்தக் கேள்வி அவள் பின்னாலேயே வந்தது.

மூன்று மணிக்கு ஓக் மரத்தடியில் மேசை போட்டார்கள். சிவப்பும் வெள்ளையுமான சின்னக் கொடிகள், நடுவில் க்ரீம் தடவிய ஸ்ட்ராபெர்ரி கேக். தூளிகளில் கிடந்த விருந்தாளிகள் எல்லாரும் கேக் வாசனைக்கு எழுந்து வந்துவிட்டார்கள். அப்பா நீளமான ஏணியைச் சாய்த்து வைத்தார். எவ்வளவு உயரத்தில் கட்டுகிறோமோ அவ்வளவு துணிச்சல் என்பது அங்கே ஒரு பேச்சு.

"கொடு ராஜா" என்றார் இங்கெர்.

கொன்ராத் சூப்பானை வாயிலிருந்து எடுத்தான். கொடுக்கவில்லை. முஷ்டிக்குள் வைத்து மூடிக்கொண்டான்.

பல் மருத்துவர் என்ன சொன்னார் என்று அம்மா அவன் காதில் நினைவூட்டினார். நீல ரிப்பனைக் கடையில் தேர்ந்தெடுத்ததே அவன்தான் என்றும் சொன்னார். நாளைக் காலை ரயில். இன்றைக்கு விட்டால் இன்னொரு நாள் கிடையாது. சொல்லச் சொல்ல அவருடைய கழுத்து சிவந்துகொண்டே போனது.

"டேய், ஸ்கூல்லயும் இதைச் சப்பிக்கிட்டேதான் கையைத் தூக்குவியா?" என்றான் மாக்னுஸ்.

பெரியவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, அன்பான சிரிப்புதான். அம்மா மெதுவாக அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். முஷ்டி இன்னும் இறுகியது.

ரூனா அந்த முஷ்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவளுக்குத் தெரியும்.

அவர்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு புகைப்படம் இருக்கிறது. மூன்று வயது ரூனா அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கிறாள். மேலே ஓக் மரம். சுற்றிலும் எல்லாரும் சிரிக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து எவ்வளவு அழகு என்பார்கள். படத்தில் ரூனாவின் கைகளை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. ரூனா பார்ப்பாள். அவை இரண்டும் இறுக மூடியிருக்கும். உள்ளே எதுவும் இல்லை. சூப்பானை எடுத்தாகிவிட்டது. ஆனாலும் மூடியிருக்கும்.

"க்ரீம் உருகுது" என்றாள் ரூனா சத்தமாக. "முதல்ல கேக் சாப்பிடலாமே."

உருகும் க்ரீமை யார்தான் காத்திருக்க வைப்பார்கள்? எல்லாரும் தட்டை எடுத்தார்கள். அந்த நேரத்தில் ரூனா அப்பாவின் சட்டையைப் பிடித்து ஏணிக்குப் பின்னால் இழுத்தாள். கொன்ராத்தின் சூப்பானைத் தாழ்ந்த கிளையில் கட்டலாம் என்றாள். அவனுக்கே எட்டுகிற மாதிரி, அவனே அவிழ்க்கிற மாதிரி.

அப்பா தாடியைச் சொறிந்தார். ஒன்று இறங்கினால் நாளைக்கு எல்லாப் பிள்ளைகளும் வந்து திரும்பக் கேட்பார்கள் என்றார். அப்புறம் இது எதற்குச் சூப்பான் மரம்?

ரூனா தன் காலணியைப் பார்த்தபடி சொன்னாள்.

"என்னுதைக் கட்டினப்ப நான் கையைத் திறக்கவே இல்லப்பா. நீங்களா எடுத்தீங்க."

அப்பாவின் கை தாடியிலேயே நின்றது. "நீ அழவே இல்லையேம்மா."

"எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க."

அப்பா ஏணியைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பிறகு ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார்.

ஓக் மரத்தின் தாழ்ந்த கிளை ஒன்று, களைத்துப்போன கைபோல, தரைக்குப் பக்கத்தில் நீண்டு கிடந்தது. வழக்கமாக அதில் யாரும் எதுவும் கட்டுவதில்லை. ரூனா கொன்ராத்தை அங்கே கூட்டிப்போனாள்.

"கை எட்டுதா பாரு."

எட்டியது. முகவாய்க்கு நேராகவே இருந்தது. ரிப்பனை எப்படிச் சுருக்குப் போடுவது, எந்த நுனியை இழுத்தால் அவிழும் என்று அவள் வெறும் ரிப்பனில் செய்து காட்டினாள். கொன்ராத் இழுத்தான். அவிழ்ந்தது. இன்னொரு முறை இழுத்தான். அவிழ்ந்தது.

"எப்ப வேணும்னாலும் இழுக்கலாமா?"

"எப்ப வேணும்னாலும்."

"அப்ப இது விட்டதாவே கணக்கில்ல" என்றான் மாக்னுஸ். வாயோரத்தில் க்ரீம்.

"நீ உன்னுதை எங்க கட்டின?" என்று கேட்டாள் ரூனா.

மாக்னுஸ் தட்டைப் பார்த்தான். "எங்கயும் கட்டல. ஒருநாள் எந்திரிச்சா காணோம். அம்மா குப்பையில போட்டுட்டாங்க."

இங்கெரின் கரண்டி பாதி வழியில் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து மாக்னுஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, தம்பிக்காக ரிப்பனின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டான்.

கொன்ராத்தின் முஷ்டி தானாகத் திறந்தது.

அது அத்தோடு முடிந்துவிடவில்லை. சாயங்காலம் கொன்ராத் வந்து ரிப்பனை இழுத்து, சூப்பானை வாயில் வைத்துக்கொண்டு, கோழிகளைப் பார்க்கப் போனான். பிறகு தானாகவே கொண்டுவந்து நீட்டினான். ரூனா கட்டிக் கொடுத்தாள். சாப்பாட்டுக்கு முன் இன்னொரு தடவை. இங்கெர் பெருமூச்சு விட்டார், ஆனால் தடுக்கவில்லை. அவன் தூங்கப் போனபோது சூப்பான் மரத்தில்தான் இருந்தது. காலையில் இருக்குமா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

ரூனா விடிந்ததும் விடியாததுமாக ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு ஓடினாள். புல் நனைந்திருந்தது. தாழ்ந்த கிளையில் நீல ரிப்பன் தெரிந்தது. சூப்பானும் இருந்தது.

ஆனால் அது அவள் போட்ட சுருக்கு இல்லை. பூனை விளையாடிய நூலுருண்டை மாதிரி முடிச்சுக்கு மேல் முடிச்சு, அதற்கு மேல் ஒரு முடிச்சு.

மரத்தடியில் கொன்ராத் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இங்கெர், கையில் காப்பிக் கோப்பையோடு.

"நீயா கட்டின?" என்று கேட்டாள் ரூனா.

"ம். எடுத்தேன். சில்லுனு இருந்துச்சு. எறும்பு வேற இருந்துச்சு."

"எறும்பு என்ன பண்ணுச்சு?"

"சப்பிக்கிட்டிருந்துச்சு" என்றான் கொன்ராத். "அது குட்டி எறும்பு. அதுக்கு இன்னும் வேணும் போல. அதான் நானே கட்டிட்டேன்."

இங்கெர் கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

ரயிலுக்குப் புறப்படும்போது கொன்ராத் பேசிக்கொண்டே போனான். ரயிலைப் பற்றி, எறும்பைப் பற்றி, மறுபடி ரயிலைப் பற்றி. மூடி போட ஒன்றும் இல்லாததால் பேச்சு நிற்கவே இல்லை. "இதுக்கு அதுவே தேவலை" என்று மாக்னுஸ் முனகியபடி அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவர்கள் போனபிறகு ரூனா திரும்பிப் பார்த்தால், ஓக் மரத்தில் ஏணி சாய்ந்திருந்தது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உன்னுதை இறக்கித் தரட்டுமா?" என்றார்.

"நானே ஏறுறேன். பிடிச்சுக்கோங்க. உங்க கத்தியையும் குடுங்க."

மேலே காற்று பலமாக இருந்தது. அவளுடைய சூப்பான் வெயிலில் வெளுத்து, எந்த நிறம் என்றே சொல்லமுடியாமல் இருந்தது. கிளை பருத்து, ரிப்பனைப் பாதி விழுங்கியிருந்தது. மரப்பட்டையில் ஆழமாக ஒரு வடு. ரூனா கவனமாக ரிப்பனை அறுத்தாள். சூப்பான் அவள் உள்ளங்கையில் விழுந்தது. இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

விரல்களை ஒருமுறை மூடினாள். திறந்தாள். பையில் இருந்த சைக்கிள் டியூப் துண்டை எடுத்து, சூப்பானை அதே கிளையில் திரும்பக் கட்டினாள்.

"என்னம்மா, எல்லாம் சரியா இருக்கா?" என்று கீழேயிருந்து அப்பா கேட்டார்.

"ஊருக்கெல்லாம் தொளதொளன்னு கட்டச் சொல்லிட்டு, நீங்க எவ்ளோ இறுக்கிக் கட்டியிருக்கீங்க தெரியுமா?" என்றாள் ரூனா. "பாவம், கிளைக்கு மூச்சு முட்டியிருக்கும். இப்ப பரவாயில்ல. நல்லா ஆடுது."