குளிப்பாட்டியவர்

ஒரு வித்தியாசம் இருக்கிறது என்றது கருவி. நவ்ரஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஒப்பிடச் சொன்னாள். மறுபடியும் அதையே சொன்னது. திரையின் ஒரு பக்கம் தரவுத்தளம் எப்படி இருக்க வேண்டும் என்று அவள் வரைந்த படம், மறு பக்கம் கணினிக்குள் உண்மையில் இருக்கும் தரவுத்தளம். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். அந்த மென்பொருள் கருவியை வாங்கியதே அதற்குத்தான். படத்தில் ஒரு கட்டம் போட்டால் உள்ளே அட்டவணையையும் அப்படியே மாற்றும். ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பதிப்பாக எடுத்து வைத்துக்கொள்ளும், வேண்டாமென்றால் முந்தைய பதிப்புக்குத் திருப்பியும் விடும். தானாக எதையும் சேர்க்காது. ஆனால் காணாமல் போனவர்களின் அட்டவணையில், மத்தியானம் அவள் சேர்த்த 'இறந்த தேதி'க்குப் பக்கத்தில், அவள் சேர்க்காத ஒரு நெடுவரிசை இருந்தது. அதன் பெயர் 'குளிப்பாட்டியவர்'.

"அண்ணே, இதுல நீங்க ஏதாவது கை வச்சீங்களா?"

எதிர் மேசையில் கஹ்தான் கிளம்பிக்கொண்டிருந்தார். "நானா? நீ வரையுற படத்தைப் பாத்தாலே எனக்குத் தலை சுத்தும் தாயி. அதை விட்டுட்டுப் போய்த் தூங்கு. கண்ணைப் பாரு, மீன் சந்தையில கிடக்குற மாதிரி இருக்கு."

"சிரிக்காதீங்க. நிஜமாவே ஒண்ணு கூட இருக்கு."

"இருந்தா நாளைக்கும் இருக்கும். மக்ரிப் தொழுகைக்கு அப்புறம் ஜெனரேட்டர்காரன் அணைச்சுடுவான், சொல்லிட்டேன்."

அவருடைய செருப்புச் சத்தம் படி இறங்கிப் போனது. மோசுல் நகரத்து மாலை ஜன்னல் வழியே வந்தது: கீழே டீக்கடையில் குவளைக்குள் கரண்டி சுழலும் சத்தம், டைக்ரிஸ் ஆற்றின் சேற்று வாடை, பக்கத்துக் கூரையில் இன்னும் கட்டி முடிக்காத சுவருக்கு மேல் பறந்துகொண்டிருந்த புறாக்கள்.

'இறந்த தேதி' காலியாக இருந்தால் பட்டியலை வாங்க மாட்டோம் என்று பாக்தாதிலிருந்து உத்தரவு வந்திருந்தது. கறுப்புக் கொடிக்காரர்கள் ஊரை ஆண்டபோது பிடித்துக்கொண்டு போனவர்களின் பட்டியல் அது. அவர்களுடைய தாய்மார்கள் இந்த அலுவலகத்துக்கு எதை வேண்டுமானாலும் கொடுத்தார்கள், புகைப்படம், பல், சட்டை. தேதியை மட்டும் ஒருத்தியும் கொடுக்கவில்லை. மையித்து என்று ஓர் உடல் இல்லாமல் துக்கக் கூடாரம் எப்படிப் போடுவது? தேதி கட்டாயம் என்று நவ்ரஸ் படத்தில் குறித்ததும், ஏற்கெனவே உள்ளவர்களுக்கு எதைப் போடட்டும் என்று கருவி கேட்டது. இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். இன்றைய தேதியைப் போட்டாள். பிறகு திருத்திக்கொள்ளலாம்.

அந்தப் பட்டியலில் அவளுடைய தம்பி ஹாரிதும் இருந்தான். பொத்தானை அழுத்தியபோது அவனை நினைத்தாள், நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். அழுது முடிக்க ஒரு நாள் வேண்டும் என்று இத்தனை வருஷமாக ஏங்கியிருந்தாள். உம்மாவுக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தனக்காகத்தான்.

புது நெடுவரிசையைத் திறந்தாள். மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். நவ்ரஸ். நவ்ரஸ். நவ்ரஸ்.

மாற்றியவர் பெயரைக் கருவி எங்கேயாவது எழுதி வைக்கும், அது இடம் மாறி விழுந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆண் மையித்தை ஆண்கள்தான் குளிப்பாட்டுவார்கள், இந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். உள்ளங்கை ஈரமாக இருந்தது. பாவாடையில் துடைத்தாள். மறுபடியும் ஈரமானது. முகர்ந்து பார்த்தாள். இலந்தை இலையும் கற்பூரமும் கரைத்த தண்ணீரின் வாசனை, கடைசிக் குளியலின் வாசனை.

தொலைபேசி அடித்தது.

"நான் நிஸாரோட உம்மா பேசுறேன்மா," என்றது ஒரு கிழக் குரல். "ஏதாவது சேதி வந்துச்சா? வீடெல்லாம் கற்பூரம் மணக்குது. நாங்க யாரும் கரைக்கல."

"ஒண்ணும் வரலை உம்மா."

வைத்ததும் மறுபடி அடித்தது. வேறொரு தாய். அதே கற்பூரம். அதற்குள் பக்கத்து மேசையிலும் அடித்தது. உள்ளறையிலும். எடுக்க ஆளில்லாமல் எல்லாத் தொலைபேசிகளும் அடித்துக்கொண்டே இருக்க, அவளுடைய கைப்பேசியில் அவளைப் பெற்ற உம்மா.

உம்மா அழுதுகொண்டிருந்தாள். ஹாரிதைக் கொண்டுபோன நாளிலிருந்து ஒரு சொட்டு விடாதவள், மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"போயிட்டான்டி. என் புள்ள போயிட்டான்."

"உம்மா, இங்க பாரு, அவன் போயி எத்தனையோ வருஷம்..."

"வாய மூடு! பெத்தவளுக்குத் தெரியாதா? இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் மூச்சு இருந்துச்சுடி அவனுக்கு. எங்கேயோ இருந்தான். யாரோ இன்னைக்கு அவன் உயிரை எடுத்துட்டாங்க."

நவ்ரஸ் கேட்க ஆசைப்பட்ட அழுகை அதுதான். அதைத் தாங்க அவளால் முடியவில்லை. ஒரு கணம்கூட முடியவில்லை. எல்லோரும் உயிரோடுதான் இருந்தார்களா? ஏதோ நிலவறையில், ஏதோ பாலைவனத்தில், ஒரு தேதி இல்லாததால் மட்டுமே உயிரோடு? சுட்டியைப் பிடித்தாள். கை வழுக்கியது. முந்தைய பதிப்பு. திருப்பு. உறுதியா என்று கேட்டது கருவி.

ஆம். ஆம். ஆம்.

இறந்த தேதி போனது. ஒப்பிடச் சொன்னாள். வித்தியாசம் ஒன்று, என்றது. 'குளிப்பாட்டியவர்' மட்டும் அப்படியே இருந்தது.

தொலைபேசிகள் நின்றன. எல்லாம் ஒரே நேரத்தில். ஜெனரேட்டரும் நின்றது. இருட்டில் அவள் விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

கைப்பேசி ஒளிர்ந்தது.

"நவ்ரஸ்!" உம்மா சிரித்தாள். "ஓடி வாடி! வந்துட்டான்! வாசல்ல நிக்கிறான்! ஈரத்தோட நிக்கிறான் பாவம், குளிர்ல நடுங்குறான்..."

ஓடினாள். பாலத்தில் விளக்கில்லை. சந்துகளில் ஈரக் காலடித் தடங்கள். ஒரு ஜோடி இல்லை. எத்தனையோ ஜோடி. ஒவ்வொரு வாசலிலும் ஒன்று பிரிந்து உள்ளே போயிருந்தது. அடைத்த கதவுகளுக்குப் பின்னால் பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு வீட்டில் குலவை பாதியில் நின்றது. அடுத்த வீட்டிலும்.

வீடு திறந்திருந்தது. மெழுகுவர்த்தி. சுவரோரம் ஹாரித் உட்கார்ந்திருந்தான். வெள்ளைத் துணி உடம்போடு ஒட்டியிருந்தது. அடியில் தண்ணீர் தேங்கி வாசல்வரை ஓடியது. மோவாயைச் சுற்றித் தலை உச்சியில் முடிந்த கட்டு. மையித்தின் வாய் திறக்காமலிருக்கப் போடுவது.

உம்மா அவன் மடியோரம் முட்டிபோட்டு அந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"யாரோ பாவிங்க எம் புள்ள வாயக் கட்டிட்டாங்கடி. என்னமோ சொல்ல வர்றான் பாரு. ஒன்னைத்தான் பாக்குறான்."

ஆமாம். அவளைத்தான் பார்த்தான்.

"உம்மா, அவுக்காத."

முடிச்சு அவிழ்ந்தது.

தாடை இறங்கியது. நெஞ்சுவரை இறங்கியது. அப்போதும் நிற்கவில்லை. உம்மா காதை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய், "சொல்லுய்யா," என்றாள்.