ஐந்தாவது குடம்

நாலு குடம் என்றால் நாலு குடம்தான். பதினேழு வருஷமாக அந்தக் குழி தினமும் குடித்த அளவு அது. அன்றைக்கு நாலாவது குடம் கவிழ்ந்த பிறகும் அறிவிப்பாளர் ரேணுகாதேவியின் ஹெட்போனில் இரைச்சல் அடங்கவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவில் ‘மடக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ தண்ணீர் விழுங்குகிற சத்தம்.

கோவில்பட்டியிலிருந்து புதூர்ப் பக்கம் போகிற சாலையில், காய்ந்த பருத்திச்செடி பிடுங்கிய வெற்றுக் கரிசலுக்கு நடுவே, இரண்டே அறை கொண்ட ஊர் வானொலி நிலையம் அது. பின்னால் நூறடி உயரத்துக்கு இரும்பு டவர். டவரின் அடியிலிருந்து ஒரு செம்புக் கம்பி, கரியும் உப்பும் கொட்டி மூடிய எர்த்துக் குழிக்குள் இறங்கும். குழி ஈரமாக இருந்தால் ஒலிபரப்பு சுத்தம். காய்ந்துவிட்டால் ரேடியோ முழுக்க ‘ம்ம்ம்’ என்று இரைச்சல். சித்திரை மாதத்தில் கரிசல் வாய்பிளந்து, முழங்கை வரைக்கும் உள்ளே போகும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும்போது, ஒருநாள் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் குழி காட்டிக்கொடுத்துவிடும்.

ஊற்றுகிறவர் அவள் புருஷன் இசக்கிதுரை. நிலையத்துக்கு எலக்ட்ரீசியன், காவல், எல்லாம் அவர்தான். உச்சிப்பொழுது ஒலிபரப்பு தொடங்கியதும் குடத்தைத் தூக்கிவிடுவார். சட்டைப்பையில் சின்ன ரேடியோ ஒன்று எந்நேரமும் பாடிக்கொண்டிருக்கும். இரைச்சல் குறைகிறதா என்று கேட்டுக் கேட்டுத்தான் ஊற்றுவார். “என்னையக் கட்டுனதுக்கு அந்தக் குழியக் கட்டியிருக்கலாம் நீங்க,” என்று அவள் கேலி பேசுவாள். அவர் சிரித்துக்கொள்வார். பெண்டாட்டி பேச்சைத் தட்டாத மனுஷன் என்று ஊரே கிண்டல் செய்கிற ஆள், அவருக்கு அதில் பெருமை வேறு.

அன்றைக்கு ‘நம்ம டவரின் கதை’ என்ற நிகழ்ச்சி. டவருக்கு அஸ்திவாரம் தோண்டிய மேஸ்திரி ராஜமணியின் பேட்டியைப் போன வாரமே அவள் பதிவு செய்து வைத்திருந்தாள். அது ஓடிக்கொண்டிருந்தது.

“பன்னெண்டு அடி தோண்டுனோம். கரிசல் மண்ணு தாயி, நிக்காது. ஒரு நாள் பக்கமண்ணு சரிஞ்சுட்டு. உள்ள யாரும் இல்ல. யாரும் இல்ல.”

பேட்டியில் அதற்குப் பிறகு கிழவர் நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மௌனத்தை நேற்றுத்தான் ரேணுகாதேவி வெட்டி எறிந்தாள். எறிந்தது நிச்சயம். ஆனால் இப்போது அது மறுபடியும் ஓடியது. மின்விசிறியின் கிறீச், எங்கோ ஒரு ஆட்டின் குரல், கிழவரின் மூச்சு, அந்த மூச்சுக்கும் அடியில், மண்ணுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு வறண்ட குரல்.

“அண்ணாச்சி... தண்ணி.”

அவள் ஒலியைக் குறைத்தாள். குறையவில்லை. கம்ப்யூட்டரில் பேட்டியை நிறுத்தினாள். திரையில் நின்றுபோனது காதில் நிற்கவில்லை.

“தண்ணி.”

செல்போன் அதிர்ந்தது. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, ஐம்பதடி தூரத்தில், இசக்கிதுரை வெயிலில் நின்று கையாட்டினார். ஒலிப்பதிவு அறைக்கு இரட்டைக் கண்ணாடி. வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது, உள்ளிருந்து கத்தினாலும் வெளியே போகாது.

“ஏட்டி, குழி இன்னிக்கு நிறையவே மாட்டேங்கு. ஊத்த ஊத்த மடக்கு மடக்குன்னு குடிக்கு. உள்ள ஒரு வெடிப்பு விழுந்திருக்கு. இன்னொரு குடம் ஊத்திட்டு, கைய விட்டு ஆழம் பாக்கேன்.”

“இருங்க. ஏங்க, கொஞ்சம் இருங்க...”

ஆனால் அவர் அதற்குள் போனைக் குழாயடித் திண்டில் வைத்துவிட்டுக் குடத்தைக் குழாயில் வைத்தார். ஐந்தாவது குடம்.

மேசைமேல் இருந்த நிலையத்துப் போன் அடித்தது. ராஜமணி. அழுதுகொண்டிருந்தார்.

“அத நிப்பாட்டு தாயி. அது சுந்தரபாண்டி குரலு.”

“யாரு அண்ணாச்சி?”

“புதூர்ப் பக்கத்து ஆளு. மண்ணு சரிஞ்சப்ப உள்ள இருந்தான். சாயந்தரம் வரைக்கும் தண்ணி கேட்டான். காண்ட்ராக்டர் காங்கிரீட்டக் கொட்டச் சொல்லிட்டாரு. நாங்களும் கொட்டிட்டோம். பாவி, நானும் கொட்டுனேன். அந்த அஸ்திவாரத்துப் பக்கத்துலயா எர்த்துக் குழி போட்டிருக்கீங்க?”

“ஆமா.”

“தண்ணியா ஊத்துதீங்க? தெனமுமா?”

அவள் கண் ஜன்னலுக்கு வெளியே குடத்துக்குப் போனது.

“அய்யோ தாயி,” என்றார் ராஜமணி. “அவன சாகவிடாம வச்சிருக்கீங்களே.”

ரேணுகாதேவி போனை வைத்துவிட்டு ஜன்னலில் ஓங்கி அறைந்தாள். இசக்கிதுரை முதுகு காட்டி நின்றார். குடம் நிறைந்து வழிந்தது. ஓடிப் போனால் ஆகும் நேரத்தில் அவர் ஊற்றிவிடுவார். ஆனால் அவர் பையில் ரேடியோ இருக்கிறது. கடவுளே, ரேடியோ இருக்கிறது! அவள் மைக்கைத் திறந்து உயிரெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

“ஏங்க, ஊத்தாதீங்க! கைய உள்ள விடாதீங்க!”

மடக்.

ஹெட்போனில் அவளுடைய குரல்தான் திரும்பி வந்தது. அதே பதற்றம், அதே மூச்சு. நடுவிலிருந்ததை மட்டும் எதுவோ விழுங்கியிருந்தது.

“ஏங்க, ஊத்துங்க. கைய உள்ள விடுங்க.”

இசக்கிதுரை பையைத் தொட்டுப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். சரிட்டி, என்று உதடு அசைந்தது.

ஊற்றினார். மண்டியிட்டார். கையை விட்டார்.

“வேண்டாம்! வேண்டாம்! வேண்டாம்!”

மடக். மடக். மடக்.

“வேண்டும். வேண்டும். வேண்டும்.”

முழங்கை. தோள். அவர் முகம் சட்டென்று நிமிர்ந்தது. உள்ளே யாரோ கைகொடுத்துவிட்ட முகம். வாய் திறந்தது. சத்தமே இல்லை. அந்தப் பாழாய்ப்போன கண்ணாடி. ஈரம்பட்ட கரிசல் உப்பியது. கன்னம் மண்ணில் பதிந்தது. கால்கள் ஒருமுறை உதைத்தன.

போன் மறுபடி அடித்தது. எடுத்தது அவள் கைதான், ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

“ஏம்மா, பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்து வெயிலம்மாள் பேசுதேன். ரேடியோல யாரோ தண்ணி தண்ணின்னு கேக்காவளே, பாவமா இருக்கு. நாங்க எல்லாரும் ஆளுக்கொரு குடம் கொண்டு வாரோம்.”

“வராதீங்கக்கா!” என்று கத்தினாள். மைக் திறந்தே இருந்தது. “யாரும் தண்ணி கொண்டு வராதீங்க!”

மடக்.

“தண்ணி கொண்டு வாங்க.”

போனுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் ரேடியோவில் கேட்டது. “இந்தா கெளம்பிட்டோம்மா,” என்றாள் வெயிலம்மாள்.

ரேணுகாதேவி ஓடினாள். செருப்பில்லாத காலை மண் சுட்டது. டவரின் நிழல் காலடிக்குள் சுருங்கியிருந்தது. குழிக்குப் பக்கத்தில் குடம் உருண்டு கிடந்தது. அவர் இல்லை. வெடிப்பும் இல்லை. ஈரமண் வழவழவென்று மூடியிருந்தது. அவள் விழுந்து நகத்தால் பிறாண்டினாள். களி ஒட்டியது, வழுக்கியது, விடவில்லை. மண்ணுக்கடியில் சின்ன ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. இரைச்சலுக்கு நடுவே இரண்டு குரல்கள். ஒன்று பழையது.

“ஏட்டி,” என்றது மற்றது. “தாகமா இருக்குட்டி.”

வாசல் கேட் கிறீச்சிட்டது. பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். பத்து, இருபது, அதற்கும் பின்னால் சாலை வரைக்கும். இடுப்பில் பச்சையும் மஞ்சளுமாய்ப் பிளாஸ்டிக் குடங்கள், விரலெல்லாம் தீப்பெட்டி மருந்துக் கறை. தண்ணி லாரிக்கு நாலு நாள் காத்திருந்து பிடித்த தண்ணீர். தாகம் என்று ஒருவர் கேட்டுவிட்டால் அதில் பாதியைக் கொடுத்துவிடுகிற மனசு. அந்த மனசை நினைக்க அவளுக்கு அழுகை வந்தது.

அவள் எழுந்து இரண்டு கையையும் விரித்து மறித்தாள். வராதீங்க, ஊத்தாதீங்க. இரண்டே சொல். மைக் இல்லை, கம்பி இல்லை, வெறும் வாய்தான். வாயைத் திறந்தாள்.

தொண்டைக்குள் ‘மடக்’ என்றது.

“வாங்க,” என்றாள் ரேணுகாதேவி. “ஊத்துங்க.”

அவள் காலுக்குப் பின்னால் மண் பிளந்தது. வெடிப்பிலிருந்து இசக்கிதுரையின் கை மேலே வந்தது, தண்ணீர் வாங்கிக் குடிக்க ஏந்துகிற மாதிரி உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு. அந்த மணிக்கட்டைக் காய்ந்த கறுப்பு விரல்கள் ஐந்து பிடித்திருந்தன. வெயிலம்மாள் அதைப் பார்க்கவில்லை. “நகந்துக்கோ தாயி,” என்று சொல்லிக் குடத்தைச் சாய்த்தாள்.