பூஜ்யம் காட்டிய தண்ணீர்

தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று சொல்லும் பேனா அளவு மீட்டர், பூஜ்யம் காட்டியது. அவள் அதை உதறி, துண்டில் துடைத்து, மறுபடியும் பக்கெட்டுக்குள் விட்டாள். பூஜ்யம்தான்.

"அவ்வளவு சுத்தம்க்கா," என்றான் தம்பி.

மீன்தொட்டிக்கென்றே அவன் வாங்கி மாட்டிய ஆர்.ஓ. ஃபில்டர் அது. மூன்று நாளாகச் சமையலறைச் சுவரில் முனகியபடி, ஒரு மெல்லிய குழாயால் பக்கெட்டில் சொட்டிக்கொண்டும், இன்னொன்றால் கழிவுநீரைத் துப்பிக்கொண்டும் இருந்தது. அம்மா போன பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்ததே இந்த மீன்கள் வந்துதான். அதனால் அவள் மீட்டரை மூடி வைத்தாள்.

அவன் குளிக்கப் போனதும் மீன் கடைக்காரருக்கு போன் போட்டாள்.

"பூஜ்யமா? இருக்காதுங்களே. எந்த ஃபில்டரும் அஞ்சோ பத்தோ காட்டும். வெறும் ஆர்.ஓ. தண்ணிய ஊத்தாதீங்க, குழாய்த் தண்ணியும் கலக்கணும். இல்லேன்னா மீன் உடம்புல இருக்கறத அது இழுத்துடும்."

"மூணு நாளா ஊத்திட்டானே..."

கடைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மீனுங்க கலர் எப்படி இருக்கு?"

கூடத்துக்குப் போனாள். மத்தியான வெயில் திரைச்சீலை வழியே வடிந்து விழ, தொட்டியில் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி உடைந்துகொண்டிருந்தன. வழக்கமான பாசி வாடை இல்லை. எந்த வாடையுமே இல்லை. ஆறு ஆரஞ்சு மீன்களையும் காணோம். மிதக்கவில்லை. கல்லுக்குப் பின்னாலும் இல்லை.

போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு சிட்டிகை தீனி போட்டாள். ஒரு உருண்டை மெல்ல இறங்கியது. பாதி வழியில், ஏதோ கவ்வியதுபோல் நின்றது. பாதி காணாமல் போனது. பிறகு முழுவதும்.

அடுத்தது.

அதற்கடுத்தது.

சமையலறைக்கு ஓடினாள். குழாயை மூடினாள். முனகல் நின்றது. சொட்டுவது நிற்கவில்லை.

"அக்கா, மீனெல்லாம் எங்க?"

கூடத்திலிருந்து தம்பியின் குரல். ஓடி வந்தாள். தலை துவட்டாமல் நின்றவன், கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். அடியில் கூழாங்கற்கள் தானாகப் புரண்டன.

"கைய எடுடா!"

"என்னக்கா, பேயடிச்ச மாதிரி நிக்கற?"

அவள் முகத்தையே பார்த்தபடி கையை எடுத்தான். முழங்கைக்குக் கீழே வெறும் காற்று. அந்தக் காற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் குனிந்து பார்க்கவில்லை. அவளிடம் வந்தான்.

"காய்ச்சலா?"

அவள் நெற்றியில் ஐந்து விரல்கள் சில்லென்று பதிந்தன.